கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம், மவுண்டன் வியூ: மூணு ஸ்டாரை அஞ்சா மாத்துறேன்

மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே மியூசியத்துக்கு நான் மூணு ஸ்டார் போட்டேன். "பழைய சாமான் நிறைய இருக்கு, எல்லாம் கண்ணாடிக்குள்ள இருக்கு, ஒரு தடவை பாக்கலாம்"னு ஒரே வரி. ஆபீஸ் பசங்களோட ஒரு வார நாள்ல, மத்தியானம் ஃபுல் கட்டு கட்டிட்டு தூக்கக் கலக்கத்துல போனது. அன்னிக்குப் பழைய மெஷினை ஓட்டிக் காட்டற டெமோ ஒண்ணும் கிடையாது, டெமோன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது, விசாரிக்காம போனது என் தப்பு. இப்ப அந்த ரிவ்யூவை அழிச்சிட்டு இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

என்ன மாறுச்சுன்னா அப்பா வந்திருக்காரு. எழுபத்தாறு வயசு. மெட்ராஸ்ல ரயில்வே கணக்கு ஆபீஸ்ல, கம்ப்யூட்டருக்குக் குடுக்கற கார்டுல ஓட்டை போட்டு அடிக்கற கீ பஞ்ச் ஆபரேட்டரா சேர்ந்து, அங்கயே படிப்படியா ஏறி ரிட்டயர் ஆனவரு. இங்க வந்த முதல் வாரம் கோல்டன் கேட் பாலத்தைக் காட்டினேன், "காத்து ஜாஸ்தி"ன்னாரு. ரெண்டாவது வாரம் ஸ்டான்ஃபோர்டு, "நல்லா பெருக்கி வச்சிருக்கான்"னாரு, அவ்வளவுதான். மூணாவது சனிக்கிழமை வேற எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாமத்தான் இங்க வண்டியத் திருப்பினேன்.

இறங்கின உடனே வாசல்ல நின்னுட்டாரு. ஷோர்லைன் பூலவார்டுல இந்தக் கட்டடத்தோட கதவு நம்பர் 1401. எனக்கு அது வெறும் அட்ரஸ், கூகிள் மேப்ஸ்ல எத்தனையோ தடவை கண்ணுல பட்டும் ஒண்ணும் தோணல. அப்பா மூக்குக்கண்ணாடியை ஏத்திவிட்டு, "டேய், இது எங்க மெஷின் நம்பர்டா"ன்னாரு. ஐபிஎம் 1401 கம்ப்யூட்டர். அறுபதுகள்ல இந்திய ரயில்வே சம்பளக் கணக்குக்கும் ஸ்டோர்ஸ் கணக்குக்கும் வாங்கிப் போட்டது அந்த மாடல்தான். இந்தக் கட்டடம் முன்னாடி சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியோடது, 2002ல மியூசியம் வாங்குச்சு, அதனால நம்பர் தானா அமைஞ்சதுதான்னு நினைக்கிறேன், ஆனா அமைஞ்ச பொருத்தத்தைப் பாருங்க. சிலிக்கான் கிராஃபிக்ஸ்னா தொண்ணூறுகள்ல ஹாலிவுட் படத்துல கம்ப்யூட்டர்ல செஞ்ச அரக்கன், பூதம், ராக்கெட்னு என்ன வந்தாலும் பாதிக்கு மேல அவங்க மெஷின்ல வரைஞ்சதுதான், பக்கத்துல இருக்கற கூகிள் கேம்பஸ் கூட பழைய காலத்துல அவங்க இடம்தான்.

கவுன்ட்டர்ல டிக்கெட் வாங்கும்போது அப்பா கேட்ட கேள்வியை அப்படியே போடுறேன். "அவன் எனக்கு சம்பளம் குடுத்து அது முன்னாடி உக்கார வச்சான், நீ காசு குடுத்துக் காட்டுறியா?" பதில் சொல்ல முடியல.

சரி மியூசியத்துக்கு வருவோம். மெயின் கண்காட்சி 2011ல திறந்தது, ரெண்டாயிரம் வருஷக் கம்ப்யூட்டர் வரலாறுன்னு பேரு, மணிச்சட்டத்துல ஆரம்பிச்சு இன்டர்நெட் வரைக்கும் இழுத்துட்டுப் போவாங்க, சுமார் 1,100 பொருள் இருக்கு. எல்லாத்தையும் நின்னு படிச்சீங்கன்னா கால் விட்டுப் போயிடும், பாதிலயே காபி கேக்கும். என் யோசனை என்னன்னா முதல் ரெண்டு மூணு அறையை நடந்துகிட்டே பாருங்க, நேப்பியர் எலும்புங்கற பெருக்கல் குச்சி, கணக்கு போடற ஸ்லைட் ரூல் எல்லாம் அழகா இருக்கு, ஆனா அங்கயே சக்தியைக் கொட்டிடாதீங்க. ஹொலரித் மெஷின்கிட்ட மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க, 1890 அமெரிக்க மக்கள்தொகை கணக்கெடுப்புக்கு ஓட்டை போட்ட கார்டை எண்ண அந்தாளு செஞ்சது, பஞ்ச் கார்டு வம்சத்துக்கே அதுதான் கொள்ளுத்தாத்தா.

நான் நேரம் போனதே தெரியாம நின்ன இடம் கிச்சன் கம்ப்யூட்டர். இதைப் பத்தி சொல்லியே ஆகணும். 1969ல நீமன் மார்கஸ்னு ஒரு பெரிய பணக்காரக் கடை, கேட்லாக்ல ஒரு கம்ப்யூட்டரை விளம்பரம் பண்ணுச்சு, இல்லத்தரசிகளுக்காம். உள்ள இருக்கறது ஹனிவெல் கம்பெனியோட மினி கம்ப்யூட்டர், வெளில சிவப்பும் வெள்ளையுமா வளைஞ்ச ஒரு பீடம், முன்னாடி காய் நறுக்க ஒரு பலகை. விலை 10,600 டாலர். சமையல் குறிப்பு எல்லாம் இதுல வச்சுக்கலாம்னு சொன்னாங்க. எப்படி வைக்கறதுன்னா, கீபோர்டு கிடையாது, ஸ்க்ரீன் கிடையாது, வரிசையா சுவிட்ச், மேல வரிசையா லைட்டு. ஒண்ணு, பூஜ்யம், ஒண்ணு, ஒண்ணுன்னு சுவிட்சைத் தட்டிக் கேக்கணும், பதிலும் அதே மாதிரி லைட்டாத்தான் எரியும். இதைக் கத்துக்க ரெண்டு வாரம் கோர்ஸ் வேற. ஒருத்தர் கூட வாங்கினதா தகவல் இல்ல. எங்கம்மாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன், "புளி எவ்வளவு போடணும்னு அது கிட்ட கேட்டு அது லைட்டு எரிஞ்சு நான் அதை எண்ணி முடிக்கறதுக்குள்ள குழம்பு சுண்டிடும்"னு சொல்லிட்டு கட் பண்ணிட்டாங்க. அந்தக் காலத்து விஞ்ஞானக் கதைல வர்ற வீட்டை எல்லாம் பாருங்க, சமையல் பண்ற ரோபோ கட்டாயம் ஒண்ணு இருக்கும், ஆனா அதை எழுதினவங்கள்ல எத்தனை பேரு ஒரு தடவையாவது ரசம் வச்சிருப்பாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.

அதுலேர்ந்து கொஞ்ச தூரத்துல ஒரு டீ கெட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கு. வெள்ளைக் கலர், சாதாரண பீங்கான் கெட்டில். தாண்டிப் போயிடாதீங்க. 1975ல யூட்டா யூனிவர்சிட்டில மார்ட்டின் நியூவெல்ங்கறவரு கம்ப்யூட்டர்ல முப்பரிமாணப் படம் வரைஞ்சு பாக்க ஏதாவது வளைவு நெளிவா ஒரு பொருள் வேணும்னு தேடிட்டு இருந்தாரு, வீட்ல டீ குடிக்கும்போது அவங்க மனைவி இந்தக் கெட்டிலையே வரையேன்னாங்க, அவரும் கிராஃப் பேப்பர்ல வரைஞ்சு எண்ணா மாத்திட்டாரு. அதுக்கப்புறம் கிராஃபிக்ஸ் படிச்ச ஒவ்வொரு ஆளும் முதல்ல வரைஞ்சது அந்தக் கெட்டில்தான், நானும் காலேஜ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு அதுக்கு நிழல் விழ வைக்க முடியாம அழுதிருக்கேன். அந்த ஒரிஜினல் கெட்டில்தான் இங்க இருக்கறது. நிஜக் கெட்டில் நான் வரைஞ்சதை விட கொஞ்சம் உயரமா இருக்கு, யூட்டால இருந்த ஸ்க்ரீன்ல புள்ளி சதுரமா இல்லாததால கணக்குல அமுங்கிடுச்சு, அந்த அமுங்கின உருவம்தான் உலகம் பூரா பரவிடுச்சு.

அப்பல்லோ கம்ப்யூட்டர்கிட்ட அப்பா ரொம்ப நேரம் நின்னாரு. நிலாவுக்குப் போன அந்த மெஷினோட நிரந்தர மெமரி 36,864 வேர்டு, நம்ம கணக்குல ஒரு 72 கேபி பக்கம், வாட்சப்ல வர்ற குட் மார்னிங் படம் கூட அதுல அடங்காது. அதை நெய்ஞ்சாங்க. நிஜமாவே துணி நெய்யற மாதிரி நெய்ஞ்சாங்க. குட்டிக் குட்டி காந்த வளையம், அதுக்குள்ள கம்பி போனா ஒண்ணு, வளையத்துக்கு வெளில சுத்திப் போனா பூஜ்யம், மாசசூசெட்ஸ்ல வால்தம்ங்கற ஊர்ல ரேதியான் கம்பெனி ஃபேக்டரில பொம்பளைங்க உக்காந்து ஊசில கம்பி கோத்து ப்ரோகிராமை நெய்ஞ்சிருக்காங்க. பூக்காரம்மா மல்லியை ரெண்டு ரெண்டா எடுத்து வச்சு நார்ல முடி போடற மாதிரி நினைச்சுக்கோங்க, நடுவுல ஒரு பூ மாறிப் போச்சுன்னா அதை மட்டும் மாத்த முடியாது, பிரிக்கணும். அதனால ப்ரோகிராம் எழுதறவங்க நெசவுக்குப் பல வாரம் முன்னாடியே முடிச்சுக் குடுத்துடணும். எங்க டீம்ல ரிலீஸ் அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் "ஒரே ஒரு சின்ன சேஞ்ச்"னு வருவான் ஒருத்தன், அவனை இங்க கூட்டிட்டு வந்து இது முன்னாடி நிக்க வைக்கணும்.

க்ரே-1 பத்தி சுருக்கமா. 1976, சூப்பர் கம்ப்யூட்டர், மேலேர்ந்து பாத்தா சி எழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும், கம்பி நீளம் குறைஞ்சா சிக்னல் சீக்கிரம் போகும்னு அந்த வளைவு. சுத்தி மெத்தை வச்ச திண்ணை, மெத்தைக்கு அடில பவர் சப்ளை. உக்காரணும்னு ஆசையா இருக்கும், உக்கார விட மாட்டாங்க.

சேஜ் கன்சோலைப் பாருங்க. ஐம்பதுகள் கடைசில அமெரிக்க விமானப்படை ரஷ்ய விமானம் வருதான்னு பாக்க வச்சிருந்த சிஸ்டம், வேக்யூம் ட்யூப் மட்டும் பல்லாயிரக்கணக்குல, ஒரு கம்ப்யூட்டரே 250 டன். ரவுண்டு ஸ்க்ரீன், துப்பாக்கி மாதிரி ஒரு லைட் கன், பக்கத்துல கன்சோல்லயே பதிச்ச ஆஷ்ட்ரே, சிகரெட் பத்த வைக்க லைட்டர். உலகம் அழியப் போகுதான்னு பாக்கறவன் பாவம் எழுந்து போய் தம் அடிக்க முடியாதில்ல. இதுல வேடிக்கை என்னன்னா, அந்த மெஷின்களைப் பிரிச்சுப் போட்டப்ப அதோட லைட்டு மின்னுற பேனலை எல்லாம் சினிமாக்காரங்க வாங்கிட்டுப் போயி, அப்புறம் இருபது முப்பது வருஷம் படத்துலயும் டிவிலயும் "எதிர்காலக் கம்ப்யூட்டர்"னு காட்டினது இந்தப் பழைய இரும்பைத்தான். சின்ன வயசுல தூர்தர்ஷன்ல பழைய இங்கிலீஷ் படத்துல லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியும்போது வாயப் பொளந்துட்டுப் பாத்திருக்கேன், அதெல்லாம் காயலான் கடை சரக்குன்னு இங்க வந்துதான் தெரியுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். மேல சொன்னதெல்லாம் மூணு ஸ்டார். மீதி ரெண்டு ஸ்டார் ரெண்டு ரூமுக்கு.

முதல் ரூம் 1401 லேப். உள்ள போறதுக்கு முன்னாடியே ப்ரிண்டர் சத்தம் வெளில கேக்குது. அப்பா நடை மாறிடுச்சு, முட்டி வலின்னு காலைலேர்ந்து சொல்லிட்டு இருந்தவரு எனக்கு முன்னாடி போயிட்டாரு. அங்க ஒண்ணு இல்ல, ரெண்டு 1401 இருக்கு, ரெண்டும் ஓடுது. ஒண்ணு கனெக்டிகட்லேர்ந்து வந்தது, இன்னொண்ணு ஜெர்மனிலேர்ந்து. ஜெர்மன் மெஷின் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்குச் செஞ்சது, இங்க 60 ஹெர்ட்ஸ், அதுக்குத் தனியா கன்வெர்ட்டர் வச்சு ஓட்டுறாங்க. ரெண்டையும் பழைய ஐபிஎம் இன்ஜினியருங்க ரிட்டயர் ஆனப்புறம் வருஷக்கணக்கா உக்காந்து தட்டி ஒட்டி உயிர் குடுத்திருக்காங்க, டெமோ நடத்தறதும் அவங்கதான், காசுக்கு இல்ல, வாலண்டியரா.

1401ஐ ஐபிஎம் அறிவிச்சது 1959 அக்டோபர்ல. வாடகை மாசம் 2,500 டாலர்லேர்ந்து, அந்தக் காலத்துக்கு அது மலிவு, அதனாலதான் பத்தாயிரத்துக்கு மேல போச்சு, கம்ப்யூட்டர்ங்கறது ராணுவமும் யூனிவர்சிட்டியும் வச்சிருக்கற அதிசயம்ங்கற நிலைமை மாறி இன்ஷூரன்ஸ் கம்பெனி, ரயில்வே, கரண்டு ஆபீஸ்னு இறங்கினது இதுலதான். மெமரி 1,400 எழுத்துல ஆரம்பிக்கும், அதிகபட்சம் 16,000. நீங்க இப்ப படிச்சிட்டு இருக்கற இந்த ரிவ்யூ 1,400ல அடங்காது. அதுல ஒரு ஆபீஸோட சம்பளக் கணக்கே போட்டிருக்காங்க.

கார்டு ரீடர் நிமிஷத்துக்கு 800 கார்டு விழுங்கும், சீட்டுக்கட்டு கலைக்கற சத்தத்தை நூறு மடங்கு பெருசாக்கினா எப்படியோ அப்படி. 1403 ப்ரிண்டர் நிமிஷத்துக்கு 600 வரி. எழுத்தெல்லாம் ஒரு சங்கிலில கோத்து சைக்கிள் செயின் மாதிரி ஓடிட்டே இருக்கும், வேணுங்கற எழுத்து வேணுங்கற இடத்துக்கு வர்ற நொடில பின்னாடிலேர்ந்து சுத்தி பேப்பரைத் தட்டும். வீடியோல பாத்தா இது புரியாது, தரை அதிருது, காலுல தெரியுது.

ஓரத்துல 026 கீ பஞ்ச் மெஷின், விசிட்டர்ஸ் உக்காந்து பேர் அடிச்சு கார்டை எடுத்துட்டுப் போகலாம். எனக்கு முன்னாடி ஒரு சின்னப் பையன் அடிச்சான், அப்புறம் நான் அடிச்சேன், கீ ஒவ்வொண்ணும் கடக்கு கடக்குன்னு விழுது, ஜாலியாத்தான் இருந்துச்சு. அப்புறம் அப்பா உக்காந்தாரு. வேஷ்டி கட்டி உக்கார்ற மாதிரி நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுகிட்டாரு, கீபோர்டைப் பாக்கவே இல்ல, கண்ணு இடது பக்கம் ஒரு ஓரமா இல்லாத ஒரு பேப்பரைப் பாக்குது, கை ஓடுது. முடிச்சிட்டு கார்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சாரு, தன்னோடதை இல்ல, என்னோடதை. மேல ப்ரிண்ட் ஆகியிருந்த எழுத்து வரியைக் கட்டை விரலால மூடிகிட்டாரு.

"கடைசி எழுத்து ஏ தான? எஸ் அடிச்சிருக்க."

எப்படின்னு கேட்டேன். ஏ-ன்னா மேல பன்னெண்டாம் வரில ஒரு ஓட்டை, ஒண்ணாம் வரில ஒரு ஓட்டை. எஸ்-னா பூஜ்யத்துல ஒண்ணு, ரெண்டுல ஒண்ணு. என் கார்டுல ஓட்டை பூஜ்யத்துலயும் ரெண்டுலயும் இருக்கு. ஐம்பது வருஷம் முன்னாடி படிச்சது, நேத்து சாப்பிட்டதைக் கேட்டா யோசிப்பாரு, இது யோசிக்கல. பேக்ஸ்பேஸ் எங்கன்னு நான் மெஷின்ல தேடுறேன், "போட்ட ஓட்டையை எவன்டா அடைக்கறது"ன்னாரு. தப்பா அடிச்சா அந்தக் கார்டை உள்ள வச்சு புதுக் கார்டுக்கு டூப் கீயை அமுத்தணுமாம், தப்பு வந்த நெட்டு வரிசைக்கு முந்தின வரிசை வரைக்கும் அதுவே காப்பி பண்ணும், அங்க நிறுத்தி சரியானதை அடிச்சு, மீதியையும் டூப். இதெல்லாம் சொல்லிட்டே எனக்குப் புதுக் கார்டு அடிச்சுக் குடுத்தாரு.

பக்கத்துல நின்ன வாலண்டியர் தாத்தா இதைப் பாத்துட்டு வந்தாரு. எந்த ஊருன்னு கேட்டாரு, மெட்ராஸ்னாரு அப்பா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசினதுல பாதி வெறும் நம்பர்தான். 026, 056, 077, 083, எல்லாம் பழைய கார்டு மெஷினோட மாடல் நம்பர். ஒருத்தர் நம்பர் சொல்றாரு, இன்னொருத்தர் "ஆஹ்"ங்கறாரு, உடனே தன் பங்குக்கு ஒரு நம்பர், சொந்தக்காரங்க ரெண்டு பேரு கல்யாணத்துல பாத்து யாரு யாரு இருக்காங்க யாரு போயிட்டாங்கன்னு பேசிக்கற மாதிரி. கார்டுக் கட்டு கீழ விழுந்து கலைஞ்சா என்ன பண்றதுன்னு நான் கேட்டதுக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காத்துல கோடு போட்டுக் காட்டினாங்க, கட்டோட மேல் விளிம்புல பேனாவால குறுக்கா ஒரு சாய்வுக் கோடு போட்டு வச்சிருந்தா எந்தக் கார்டு எங்க போகணும்னு கோடே காட்டிக் குடுத்துடும். ஒரு கார்டுல 80 நெட்டு வரிசை, வரிசைக்கு ஒரு எழுத்து. நாம எழுதற ப்ரோகிராம்ல ஒரு வரி 80 எழுத்துக்கு மேல போகக்கூடாதுன்னு இன்னமும் சில டீம்ல சட்டம் வச்சிருக்காங்களே, அந்த 80 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கையில வச்சுப் பாக்கும்போதுதான் உறைக்குது.

ரெண்டாவது ரூம் பிடிபி-1. விஞ்ஞானக் கதைப் பைத்தியம் யாராவது இருந்தா உங்களுக்காகத்தான் இது. டிஜிட்டல் ஈக்விப்மென்ட் கம்பெனி 1959ல கொண்டு வந்த மெஷின், விலை 120,000 டாலர், மொத்தமே ஐம்பத்தஞ்சுக்குள்ளதான் செஞ்சாங்க. மெமரி நாலாயிரத்துச் சொச்சம் வேர்டு. ஆனா இதுல ஸ்க்ரீன் இருந்துச்சு, ரவுண்டா, ராடார் மாதிரி. எம்ஐடில ஒண்ணு வந்து இறங்குச்சு, அங்க ஸ்டீவ் ரஸ்ஸல்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிங்க மார்ட்டின் கிரேட்ஸ், வெய்ன் விட்டானனும் இ.இ. ஸ்மித் எழுதின விண்வெளிச் சண்டைக் கதைகளைப் படிச்சிட்டு அதே மூட்ல சுத்திட்டு இருந்தவங்க, இந்த ஸ்க்ரீன்ல என்ன பண்ணலாம்னு யோசிச்சா வேற என்ன தோணும், ரெண்டு ராக்கெட், நடுவுல ஒரு சூரியன், ஒருத்தரை ஒருத்தர் சுடணும். ஸ்பேஸ்வார். 1962.

ரஸ்ஸலுக்கு நத்தைன்னு பட்டப்பேரு. ஆரம்பிக்கறேன் ஆரம்பிக்கறேன்னு இழுத்துட்டே இருந்தாராம், கடைசில சைன் கோசைன் கணக்கு போடற ரொட்டீன் இல்லையேன்னு சாக்கு சொன்னாரு, ஆடத் தெரியாதவளுக்கு கூடம் கோணல்ங்கற கதைதான். ஆலன் கோட்டாக்னு ஒரு நண்பர் நேரா கம்பெனிக்கே போயி அந்த ரொட்டீன் இருக்கற டேப்பை வாங்கிட்டு வந்து மேஜைல வச்சு, இந்தா, இப்ப என்ன சொல்லப் போறன்னு கேட்டாராம். அதுக்கப்புறம் வேற வழி? உக்காந்து எழுதிட்டாரு. பின்னாடி ஒவ்வொருத்தரா சேர்ந்தாங்க. டான் எட்வர்ட்ஸ் சூரியனுக்கு ஈர்ப்பு விசை குடுத்தாரு. பீட்டர் சாம்சன், பின்னணில சும்மா புள்ளி வச்சா எப்படின்னு நிஜ வானத்து நட்சத்திர வரைபடத்தையே ஏத்திட்டாரு, எக்ஸ்பென்சிவ் ப்ளானட்டேரியம்னு பேரு, பிரகாசமான நட்சத்திரத்தை அடிக்கடி வரைவாங்க, மங்கலானதைக் கம்மியா. இத்தனை லட்சம் ரூபா மெஷின்ல கோளரங்கம் காட்டுறோமேன்னு தங்களையே கிண்டல் பண்ணிக்கறது அந்தப் பேரு, கணக்கு போடற ப்ரோகிராமுக்கும் டைப் அடிக்கற ப்ரோகிராமுக்கும் கூட முன்னாடி எக்ஸ்பென்சிவ்தான். மாட்டிகிட்டா ஹைபர்ஸ்பேஸ் பட்டன், அமுத்தினா மறைஞ்சு வேற எங்கயோ முளைப்பீங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் வெடிச்சு சாகற வாய்ப்பு ஏறிட்டே போகும்.

விளையாடிப் பாத்தேன். ஸ்க்ரீன்ல புள்ளி முதல்ல நீலமா வெட்டும், அப்புறம் மஞ்சப் பச்சையா மங்கி கொஞ்ச நேரம் நிக்கும், அதனால கப்பல் போன தடம் புகை மாதிரி வானத்துல தொங்குது. இந்த அழகு எந்த எமுலேட்டர்லயும் வராது, நான் வீட்ல லேப்டாப்ல ஆடிப் பாத்தவன்தான் சொல்றேன். கூட ஆடினது பத்து வயசுப் பொண்ணு, சூரியனைச் சுத்தி ஒரு வளைவு எடுத்து அந்த வேகத்துல பின்னாடி வந்து என்னைத் தட்டிட்டா, மூணு தடவை. நான் ஹைபர்ஸ்பேஸ்ல போயி தானா வெடிச்சேன், ஒரு தடவை. அறுபது வருஷத்துக்கு மேல ஆன கேம், விதி இன்னும் கச்சிதமா இருக்கு, இப்ப வர்ற கேம்ல பாதிக்கு அது கிடையாது.

இதுல ரஸ்ஸல் ஒரு பைசா பாக்கல. பாத்தவங்க வேற. இதைப் பாத்து மயங்கின நோலன் புஷ்னெல், டெட் டாப்னியோட சேர்ந்து 1971ல காசு போட்டு ஆடற கேபினட்டா கம்ப்யூட்டர் ஸ்பேஸ்னு கொண்டு வந்தாரு, அடுத்த வருஷம் பாங், ஸ்க்ரீன்ல ஆடற டேபிள் டென்னிஸ். பாங் மெஷினை முதல்ல வச்சது இங்கேர்ந்து பக்கத்துல சன்னிவேல்ல ஒரு பார்ல, எல் கமினோ ரோட்டுல, நம்மாளுங்க வீக்கெண்டு தோசைக்கு க்யூல நிக்கற அதே ரோடுதான். கொஞ்ச நாள்ல மெஷின் ரிப்பேர்னு போன் வந்து பாங்கைச் செஞ்ச இன்ஜினியர் ஆல் ஆல்கார்ன் போயி திறந்தா ரிப்பேர் எல்லாம் இல்ல, காசு நிரம்பி வழிஞ்சு அடைச்சிருக்கு.

மிச்சத்தை வேகமா சொல்லிடறேன். 2024 கடைசில சாட்பாட் பத்தி ஒரு கண்காட்சி திறந்தாங்க, கூட்டம் அதுக்குத்தான். 1966ல எம்ஐடில ஜோசப் வைசன்பாம் எழுதின எலைசாங்கற அரட்டை ப்ரோகிராம்லேர்ந்து கதை ஆரம்பிக்குது, நீங்க சொன்னதையே கேள்வியா திருப்பிக் கேக்கறதுதான் அது பண்ற வித்தை, அது தெரிஞ்சும் அவரோட செக்ரட்டரி கொஞ்ச நேரம் பேசிட்டு, சார் நீங்க கொஞ்சம் வெளில இருங்கன்னாங்களாம். இப்ப நம்ம வீட்ல நடக்கறதுதான அது. ஷேக்கி ரோபோவும் இங்கதான் இருக்கு, ஆடி ஆடி நகரும்னுதான் அந்தப் பேரு, அறுபதுகள் கடைசில மென்லோ பார்க்ல செஞ்சது. அதுக்கு வழி கண்டுபிடிக்க 1968ல எழுதின ஏ ஸ்டார்ங்கற முறையை கேம்லயும் மேப்லயும் ரோபோலயும் இன்னமும் உபயோகிக்கறாங்க. வெளில வந்தா ரோட்டுல டிரைவர் இல்லாத வேமோ கார் ஒண்ணு சிக்னல்ல நிக்குது, ஸ்டியரிங் தானா திரும்புது. அப்பா பாத்தாரு. "யாரு வெரிஃபை பண்றா?"ன்னாரு.

அது என்னன்னா, அவங்க ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்ச கார்டை இன்னொருத்தர் வெரிஃபையர் மெஷின்ல முழுசா திரும்ப அடிப்பாங்க, ரெண்டும் ஒத்துப் போனா கார்டோட வலது ஓரத்துல ஒரு சின்ன வெட்டு விழும், தப்புன்னா தப்பு வந்த நெட்டு வரிசைக்கு மேலயே வெட்டு விழும். ஓரத்துல வெட்டு இல்லாத கார்டை உள்ள விட மாட்டாங்க. எங்க வீட்ல மளிகைக் கடை பில்லை அவர் ரெண்டு தடவை கூட்டுவாரு, சின்ன வயசுல கஞ்சத்தனம்னு நினைச்சிருக்கேன்.

குறை ஒண்ணே ஒண்ணு, அதுவும் மியூசியத்து மேல இல்ல, என் நேரத்து மேல. 2008லேர்ந்து பாபேஜோட டிஃபரன்ஸ் இன்ஜின், அதாவது பல் சக்கரத்தாலயே கணக்கு போடற மெஷின், பத்தொம்பதாம் நூற்றாண்டுல பேப்பர்ல வரைஞ்சு வச்சுட்டுப் போனதை நம்ம காலத்துல செஞ்சது, 8,000 பாகம், அஞ்சு டன் வெண்கலமும் இரும்பும், கையால சுத்தி இங்க ஓட்டிக் காட்டிட்டு இருந்தாங்க. அதைச் செய்யச் சொல்லிக் காசு குடுத்த நேதன் மிர்வோல்டோட சொத்து, 2016ல எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் இந்த ஊருக்கு வந்தது 2018.

போறவங்களுக்கு: டெமோ எந்த நாள், எத்தனை மணின்னு அவங்க சைட்ல பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி கிளம்புங்க, ரெண்டு லேபும் ஒரே நாள்ல அமையற சனிக்கிழமை கிடைச்சா விடாதீங்க. டெமோ முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க, அந்தத் தாத்தாக்கள்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க, போதும், அரை மணி நேரம் போயிடும். சாப்பாடு கட்டிட்டுப் போங்க, நாங்க தயிர் சாதத்தை கார்லயே முடிச்சோம். பெரியவங்க வந்தா நடை கொஞ்சம் ஜாஸ்தின்னு முன்னாடியே சொல்லிடுங்க.

ஸ்டார் எத்தனை போடலாம்னு அப்பாகிட்ட கேட்டேன். கார்டு ரெண்டையும் சட்டைப் பாக்கெட்டுலேர்ந்து எடுத்து ஓரத்தைத் தடவிப் பாத்துட்டு, அவங்ககிட்ட வெரிஃபையர் இருக்கான்னு கேக்க மறந்துட்டேன்டா, புதன்கிழமை திறந்திருக்குமான்னாரு. புதன்கிழமை லீவு சொல்லிட்டேன்.